ரைன் நதிக்கரையில் இரு கடவுச்சீட்டுகள்



பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், ரைன் நதியின் மேற்குக் கரையை ஒட்டி அமைந்திருப்பது ஸ்ட்ராஸ்பர்க் மாநகரம். அங்கு செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், 'டி' வழித்தட டிராம் வண்டியில் ஏறி அமருங்கள். சிறிது நேரத்தில் அவ்வண்டி பாலத்தைக் கடந்து, மறுகரையிலுள்ள கேல் என்னும் ஊரில் உங்களை இறக்கிவிடும். அவ்வூர் ஜெர்மனியைச் சேர்ந்தது. 2017 முதல் இந்த டிராம் இரு நாடுகளையும் இணைத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்நகரின் வரலாறு விந்தையானது. 1871இல் ஜெர்மனியின் வசமாயிற்று. 1918இல் பிரான்சுக்குத் திரும்பிற்று. 1940இல் மீண்டும் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. 1944இல் பிரான்சு அதனை மீட்டது. தெருவை விட்டு நகராமலேயே நாடு மாறிய மக்கள் இவர்கள். எல்லைக் கோடு மனிதரை எப்படியெல்லாம் அலைக்கழிக்கும் என்பதை அறிந்த இந்நகரில்தான் ஐரோப்பியப் பாராளுமன்றம் கூடுகிறது. குடிமக்களும் அவர்தம் குடும்பத்தாரும் தடையின்றிச் சென்று வரும் உரிமையை வரையறுக்கும் ஐரோப்பியச் சட்டவிதியும் 2004 ஏப்ரல் 29 அன்று இங்கேதான் கையெழுத்தாயிற்று.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். புதுச்சேரியையும் காரைக்காலையும் இந்தியாவுக்கு அளித்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர்க்கு அதற்கான வாய்ப்பு வழங்கப்பட்டது. அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன். மணமகளோ இந்தியக் கடவுச்சீட்டு உடையவர். நிகாஹ் இருவரையும் ஒரு குடும்பமாக்கிவிட்டது. ஆனால் எல்லைக் காவலரின் முன்னே அவர்கள் இரு நாட்டவர் அல்லவா?

இங்கேதான் அந்தச் சட்டவிதி துணைக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒருவர் தம் நாடல்லாத வேறோர் உறுப்பு நாட்டுக்குச் செல்லும்போது, உடன் செல்லும் மனைவிக்கோ கணவருக்கோ விசா தேவைப்படின், அதனைக் கட்டணமின்றியும் விரைவாகவும் வழங்க வேண்டும். கடவுச்சீட்டும் மணஉறவுக்கான சான்றுமே முதன்மையான ஆவணங்கள். தங்குமிடச் சீட்டு, சம்பளச் சான்று, அழைப்புக் கடிதம் என்று அடுக்கடுக்காய்க் கேட்க இடமில்லை. போலித் திருமணம், பொது அமைதிக்கு ஊறு போன்ற காரணங்களுக்காகவே மறுக்க இயலும். இது சலுகையன்று, உரிமை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஆயினும் நுட்பமொன்று உண்டு. பிரெஞ்சுக் குடிமகன் தம் மனைவியைப் பிரான்சுக்கே அழைத்துச் செல்வதாயின், அதனைப் பிரான்சின் உள்நாட்டுச் சட்டமே ஆளும். அங்கு வதிவிட அட்டை பெற்ற மனைவி, அதனையும் கடவுச்சீட்டையும் கொண்டு ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசாவின்றிச் சென்று வரலாம். அயர்லாந்து அவ்வட்டத்துக்கு வெளியே உள்ளது. கணவருடன் அங்கே செல்ல அவருக்குக் கட்டணமில்லா விசா வேண்டும். பிரித்தானியாவோ 2020 டிசம்பர் 31உடன் இவ்வேற்பாட்டிலிருந்து முற்றிலும் விலகிவிட்டது. ஆகவே பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவரின் துணைவர்க்கு இவ்வுரிமை இப்போது இல்லை.

இவ்வுரிமைகளை வலுப்படுத்திய வழக்குகளுள் ஒன்று இந்தியர் ஒருவரின் பெயராலேயே அறியப்படுகிறது. பிரித்தானியப் பெண்ணை மணந்த சுரீந்தர் சிங் என்பவர், மனைவியுடன் ஜெர்மனியில் பணியாற்றிவிட்டுப் பிரித்தானியா திரும்பினார். வேறு நாட்டில் பணிபுரிந்து தாயகம் திரும்பும் குடிமகளின் கணவருக்கும் ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டென்று 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெண்ணைப் பெற்றோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். கணவர் வேறோர் உறுப்பு நாட்டில் குடியேறி, மனைவியும் அங்கே அவருடன் வாழும் நிலையில் மணமுறிவு நேர்ந்துவிட்டால், அவள் உடனே வெளியேற வேண்டியதில்லை. மணவாழ்வு மூன்றாண்டுகள் நீடித்து, அதில் ஓராண்டேனும் அந்நாட்டில் கழிந்திருப்பின், சில நிபந்தனைகளுக்குட்பட்டு அவளுடைய வதிவுரிமை தொடரும். கணவர் இறக்க நேரிட்டாலும், ஓராண்டு அங்கு வாழ்ந்த மனைவிக்கு இத்தகைய பாதுகாப்புண்டு.

ஆனால், இத்தனை உரிமைகளும் ஒரு தாளைப் பற்றியே நிற்கின்றன. மஹல்லா ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரில் கையெழுத்திட்டதுடன் கடமை முடிந்தது என்று நம்மவர் பலர் இருந்துவிடுகின்றனர். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்யப் பணிக்கிறது. பிரெஞ்சுக் குடிமக்களோ, இங்கு நடந்த திருமணத்தைப் பிரெஞ்சுத் தூதரகத்தின் வாயிலாக அந்நாட்டுப் பதிவேட்டிலும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் சம்பந்தப்பட்ட சான்றுகளை முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லையில் சோதனையே இராது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 16இல் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்துக்கும் தற்காலிகச் சோதனையை விரிவாக்கியது. குறுகிய பயணமாயினும் கடவுச்சீட்டும் அட்டையும் மணச்சான்றும் கையில் இருக்கட்டும்.

சீர்வரிசைக்கும் விருந்துக்கும் மாதக்கணக்கில் ஆயத்தம் செய்கிறோம். கடல் கடந்து போகும் மகளின் கையில் முறையான மணச்சான்றினை ஒப்படைப்பதற்கு ஒரு நாளைச் செலவிடலாகாதா? அந்நிய மண்ணில் அவளுக்காகப் பேச நாம் அருகில் இருக்கமாட்டோம். அந்தத் தாள் பேசும். நம் பிள்ளைகளின் இல்லறமும் பயணமும் நலமாய் அமைய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.