கூடை விழுந்த பின் ஐந்து விநாடி

கூடைப்பந்தில் கூடை விழுந்ததும் ஆட்டம் நிற்பதில்லை. பந்து வலையிலிருந்து கீழே விழுகிறது. எதிரணி வீரர் ஒருவர் அதை எடுத்து, கூடைக்குப் பின்னால் உள்ள கடைக்கோட்டைத் தாண்டிப் போய், அங்கிருந்து களத்துக்குள் எறிகிறார். இந்த ‘த்ரோ இன்’னுக்கு ஐந்து விநாடி அவகாசம். பந்து பக்கக்கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தால் நடுவரே அதை வீரர் கையில் கொடுப்பார். எண்ணிக்கை எப்போது தொடங்கியது என்பதில் சந்தேகம் எழாது. கூடை விழுந்த பிறகு பெரும்பாலும் நடுவர் பந்தைத் தொடுவதே இல்லை. பந்து எந்தக் கணத்தில் வீரர் வசமானது என்பதை அவர் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

அந்த ஒரு கணத்தில் பல காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. பந்து உயிர் பெறுகிறது. ஐந்து விநாடி ஓடத் தொடங்குகிறது. ஃபிபா எனப்படும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, கூடை வாங்கிய அணி டைம் அவுட் கேட்கும் வாய்ப்பும் அத்துடன் முடிகிறது. ஆட்டக் கடிகாரத்துக்குப் பலகையும் ஊதலும் உண்டு. இந்தக் கணத்துக்கு நடுவரின் கண்ணைத் தவிர வேறு கருவி இல்லை.

எது ‘வசம்’ என்பதில்தான் நிதானம் வேண்டியிருக்கிறது. பந்து உருண்டு பார்வையாளர் பக்கம் போய்விட்டால் அதை எடுத்துவர நேரம் தருவது நியாயம். காலடியில் கிடக்கும் பந்தை, முன்னிலையில் இருக்கும் அணியின் வீரர் வேண்டுமென்றே எடுக்காமல் நின்றால், அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களின் விதி நடுவரை எண்ணத் தொடங்கச் சொல்கிறது. பந்து எடுக்கத் தோதாக இருந்தாலே போதும். இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நிலைகள் உண்டு. முதல் கால் பகுதியில் தாராளமாகவும் கடைசி நிமிடத்தில் கறாராகவும் எண்ணுகிற நடுவரை எந்தப் பயிற்சியாளரும் நம்ப மாட்டார், அதில் தவறும் இல்லை.

கூடைக்கு அடியில் நின்ற நடுவரே இப்போது ஆட்டத்தின் பின்னால் வருபவராகி இந்த எறிதலைக் கவனிக்கிறார். எறிபவரின் கால்கள், தடுப்பவரின் கைகள், உள்ளே நடக்கும் தள்ளுமுள்ளு எல்லாம் ஒரே பார்வைக்குள் இருக்க வேண்டும். கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அதனால் விநாடி அவர் கையசைவில் இருக்கிறது. ஒவ்வொரு விநாடிக்கும் கை ஒருமுறை வீசப்படும். களத்தில் இருப்போர் எல்லோரும் அதைப் பார்க்கலாம். கூட்டம் கத்தும்போது கையின் வேகம் தானாகக் கூடிவிடும். அதை அடக்க ஸ்டாப் வாட்ச்சை வைத்துத் திரும்பத் திரும்ப எண்ணிப் பழகுவதைத் தவிர வழியில்லை.

எறிபவருக்குச் சலுகையும் உண்டு. கடைக்கோட்டின் நீளம் முழுவதும் அவர் ஓடலாம். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் சக வீரருக்குப் பந்தைக் கொடுக்கலாம். ஆனால் ஃபிபா விதியில் முதல் வீரரிடம் தொடங்கிய எண்ணிக்கை இரண்டாமவருக்காகப் புதிதாகத் தொடங்குவதில்லை.

எதிரணி களம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ் வரும்போதுதான் ஐந்து விநாடி எவ்வளவு குறுகியது என்பது தெரியும். 1995 மே 7 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், இந்தியானா பேசர்ஸின் ரெஜி மில்லர் ஒரு மூன்று புள்ளி எறிந்தார். அதன்பின் நிக்ஸ் அணியின் ஆன்டனி மேசன் எறிய ஆள் கிடைக்காமல் தவித்து அனுப்பிய பந்தை மில்லரே பறித்து மீண்டும் மூன்று புள்ளி எடுத்தார். பின்பு கிடைத்த ஃப்ரீ த்ரோக்களையும் சேர்த்து ஒன்பது விநாடிக்குள் எட்டுப் புள்ளிகள். பேசர்ஸ் 107-105 என வென்றது.

வெற்றிகரமான கடைசி ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகும் இதே நடைமுறைதான். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் அங்கேதான் சிக்கியது. மூன்று விநாடி இருக்கையில் அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட, 50-49. சோவியத் வீரர்கள் பந்தை எறிந்துவிட்டார்கள். தாங்கள் முன்பே டைம் அவுட் கேட்டதாக அவர்களுடைய பயிற்சியாளர்கள் மேசைக்கு ஓடிவந்தார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஃபிபா செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கடிகாரத்தில் மீண்டும் மூன்று விநாடி வைக்கச் சொன்னார். கடிகாரம் சரியாக வைக்கப்படாததால் இரண்டாவது எறிதலும் செல்லாமல் போயிற்று. மூன்றாவது முறை, பந்தை எறிய வந்த சோவியத் வீரர் இவான் எதெஷ்கோவின் முன்னால் நின்ற நெட்டையரான அமெரிக்க வீரர் டாம் மெக்மில்லன், பல்கேரிய நடுவர் காட்டிய கையசைவைத் தம்மை விலகச் சொன்னதாகப் புரிந்துகொண்டு பின்வாங்கினார். எதெஷ்கோவின் நீண்ட எறிதலை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடை போட்டார்: 51-50. இன்னொரு நடுவரான பிரேசிலின் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத் தாளில் கையெழுத்திட மறுத்தார். வெள்ளிப் பதக்கங்களை அமெரிக்க வீரர்கள் வாங்கவில்லை.

இன்று ஃபிபா ஆட்டங்களில் நான்காம் கால் பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் கூடை விழுந்ததும் கடிகாரம் நிற்கிறது. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் அது நிற்பதில்லை. அங்கே நான்கு விநாடி மட்டும் மிச்சமிருந்தால், முன்னிலை அணியின் வீரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலே ஆட்டம் முடிந்துவிடும். நடுவரின் எண்ணிக்கை ஐந்தை எட்டாது. பின்தங்கிய அணி பந்தைத் தட்டிவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தப் பார்க்கும். அதன் நோக்கம் அது மட்டுமே என்றால் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது அங்குள்ள விதி விளக்கம். எறிபவருக்கு அது உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தால், முதலில் எச்சரிக்காமலே டெக்னிக்கல் ஃபவுல். எது நோக்கம், எது இடைஞ்சல் என்பதை அந்த நான்கு விநாடிக்குள் நடுவர் தீர்மானித்தாக வேண்டும்.