எப்படிச் செய்தாய்?

இன்னும் சில திங்களில் என் ஆசிரியப் பயிற்சி நிறைவுபெறும். அதன்பின் ஏதேனும் ஓர் ஊரில், ஒரு கரும்பலகையின் முன் நான் நிற்பேன். 'கல்வியைப் பற்றிய உன் கொள்கை யாது?' என்னும் வினாவுக்குப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் அனைவரும் விடை எழுதியாக வேண்டும். அறிஞர்தம் கருத்துகளைத் தொகுத்து எழுதுவது எளிது. ஆயினும், நாற்பது மாணவர்கள் என்னை நோக்கியிருக்கும் வேளையில் எனக்குத் துணைவரும் கொள்கை எது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு மாணவர் தவறான விடையைச் சொல்லும் நொடியில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதே கல்வியின் உரைகல் என்று எனக்குத் தோன்றியது.

கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் தன்னார்வலராக எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கற்பித்தேன். அவர்களுள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருந்தாள். நான் குனிந்து பார்த்ததும் விடையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன். "பெரிய எண்ணிலிருந்துதானே அக்கா சின்ன எண்ணைக் கழிக்கணும்? எட்டுதான் பெரிசு. எட்டிலிருந்து ரெண்டு போனா ஆறு" என்றாள்.

அவள் கவனமின்றிச் செய்யவில்லை. தனக்குச் சொல்லித்தரப்பட்ட விதியை ஒவ்வோர் இலக்கத்திலும் தவறாமல் பின்பற்றியிருந்தாள். முழு எண்ணுக்கு உரிய விதியைத் தனித்தனி இலக்கங்களுக்கும் உரியதாகக் கொண்டதே பிழை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவள்முன் வைத்தேன். எட்டுக் குச்சிகளை எடுக்க வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும் என்பதை அவளே கண்டுகொண்டாள். 14 என்று எழுதியபோது அவள் கை விடையை மறைக்கவில்லை.

கணக்கில் மட்டும் இவ்வாறு நிகழ்வதில்லை. 0.6ஐவிட 0.45 பெரியது என்று கூறும் மாணவர், 6ஐவிட 45 பெரியது என்று தாம் முன்னர்க் கற்றதையே நினைவுகூர்கிறார். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என எழுதும் பிள்ளை, தன் ஊரார் ஒலிப்பதைச் செவியால் கேட்டு அவ்வாறே எழுதுகிறது. அதன் செவியில் குறையில்லை. சிவப்பு மையால் இடும் ஒரு கோடு விடை தவறென்பதைக் காட்டும். எவ்விடத்தில் வழி பிரிந்தது என்பதை அது காட்டாது.

இதில் எனக்கு இத்துணை அக்கறை ஏற்பட்டதற்கு என் அண்ணனும் ஒரு காரணம். அவர் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கணக்கு வகுப்பில் அவர் எழுந்து விடை சொன்னபோதெல்லாம் சிரிப்பொலி எழுந்தது. நாளடைவில் அவர் வாய் திறப்பதையே விட்டார். 'என் விடை தவறு' என்பது 'நானே தவறு' என்பதாக அவருள் மாறிவிட்டது. இன்று அவர் கொத்தனார். சுவரின் நீளத்தையும் உயரத்தையும் கேட்டவுடன் எத்தனை செங்கல் தேவைப்படும் என்பதை மனக்கணக்காகவே சொல்கிறார். கணக்கு அவரிடம் இருந்தது. அவர் எவ்வாறு எண்ணுகிறார் என்று கேட்பார்தாம் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரத்திலேயே ஆசிரியர், மாணவர் இயல்புகளை விரித்துரைக்கிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. மாணவர் கொள்ளும் வகையை அறிந்து கற்பிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. மாணவர் கொள்ளும் வகையை அறிவதற்கு அவரிடம் கேட்பதைவிட நேரிய வழி வேறு ஏது? பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரையரே, மாணவரை வெறுங்கலமாகக் கருதிச் செய்திகளை இட்டு நிரப்பும் முறையை வங்கியில் பணமிடுவதோடு ஒப்பிட்டுக் கண்டித்தார். காலமும் நாடும் வேறாயினும், மாணவரின் உள்ளம் வெற்றிடமில்லை என்பதை இவ்விருவரிடமிருந்தும் நான் கற்றுக்கொண்டேன்.

'நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கேட்பதற்கு நேரம் ஏது? பாடத்தை முடிக்க வேண்டாவா?' என்று என் தோழியர் வினவுகின்றனர். நியாயமான வினாதான். ஆனால், நாற்பது பேர் நாற்பது வகையாகத் தவறுவதில்லை. ஒரே பிழையைப் பத்துப் பேர் செய்திருப்பர். ஒருவரின் வழியைப் பெயர் சுட்டாமல் கரும்பலகையில் எழுதி, 'இதில் எதுவரை சரி?' என்று வகுப்பையே கேட்டால், பத்துப் பேருக்கும் தெளிவு பிறக்கும். எல்லாத் தவற்றுக்கும் பின்னால் சிந்தனை இருக்கும் என்றும் நான் கூறவில்லை. சில நேரங்களில் பசி இருக்கும், உறக்கமின்மை இருக்கும், படிக்காத சோம்பலும் இருக்கும். எது காரணம் என்பதையும் கேட்டால்தான் அறிய முடியும். கேட்பது தவற்றை ஏற்றுக்கொள்வதாகாது. தவற்றைத் திருத்தியே ஆக வேண்டும். அதை வேரறிந்து திருத்த வேண்டும் என்பதே என் கருத்து.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தைகளை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு வகுப்பறையை விட்டு நீங்குவது கண்ணுக்குத் தெரியும். ஏளனம் நீங்கியதா என்பதை அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரே அறிவர். அச்சமின்றித் தவறும் உரிமை இருந்தால்தான் ஒருவர் புதியதைக் கற்கத் துணிவார். அவ்வுரிமையைக் காப்பது ஆசிரியரின் கடமை. அருகில் அமர்ந்திருப்போர்க்கும் அதில் பங்குண்டு.

பதினோராம் வகுப்பில் பயிலும் உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். பலர் வேறு பணிகளுக்குச் செல்வீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த இருக்கையில் இருக்கும் நண்பர் ஒரு கணக்கைத் தவறாகச் செய்திருந்தால், விடையைச் சொல்வதற்கு முன் அவர் அதைச் செய்த வழியைக் கேளுங்கள். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். பாதியிலேயே அவர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்வதையும் நீங்கள் காணக்கூடும்.