கெடுதி வினாதல்

எங்கள் வீட்டில் அதற்கு வேட்டை ரைபிள் என்று பெயர். வாஸ்தவத்தில் அது வேட்டைக்குச் செய்யப்பட்டதல்ல. காகித இலக்குகளைச் சுட்டுப் பழகும் சங்கங்களை உத்தேசித்து பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்து விற்ற .22 மார்ட்டினி. கீழ்ப்பழனி மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் தாத்தாவிடம், சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. விசைக்குப் பின்னாலுள்ள நெம்புகோலைக் கீழே இறக்கினால் உள்ளே ஓர் இரும்புக் கட்டை தாழும். தோட்டா ஒன்றை விரலால் குழலுக்குள் தள்ளி நெம்புகோலை ஏற்றினால் கட்டை எழுந்து அடைத்துக்கொள்ளும். சுட்டானபின் மறுபடியும் இறக்க வேண்டும். வெற்றுக்கூடு வெளியே வந்து விழும். ஒன்று போட்டால் ஒன்று. தோட்டாக்களைச் சேர்த்துவைக்க அதில் இடம் கிடையாது.

இந்த ஒன்றைப் பற்றி வேட்டையில் ருசி உள்ளவர்களிடம் ஒரு பெருமிதம் உண்டு. ஒற்றைத் தோட்டாக்காரன் நிதானித்துச் சுடுவான், மிருகத்துக்கும் அதில் ஏதோ நியாயம் கிடைக்கிறது என்பார்கள். நானும் இந்தப் பெருமிதத்தில் பங்கு கொண்டவன். கவிதையில் சொற்சிக்கனம் பற்றி எழுதிய இரண்டு கட்டுரைகளில் இந்த ரைபிளை உவமையாக்கியிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குள் ஐந்தாறு பேர் இருக்கக்கூடும். அவர்களிடமிருந்து அந்த உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

2009 கோடை. பி.ஏ. பரீட்சை முடிந்து மலைக்குப் போயிருந்தேன். அப்பாவின் மூன்று ஏக்கரில் மலைவாழையும் காப்பியும். இரவில் பன்றிகள் வந்து வாழைக்கிழங்கைத் தோண்டும். அப்பா பரணில் இருந்துகொண்டு தகரம் தட்டுவார், டார்ச் அடிப்பார். ரைபிள் மடியில் கிடக்குமே தவிர அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் உண்டு என்று அவருக்குத் தெரியும். அதைவிட, .22 குண்டு முயலுக்குத்தான் காணும், பன்றிக்குக் காணாது என்று தெரியும். எனக்கும் சொல்லியிருந்தார். அன்று அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நிலவு இருந்தது. பெரிய உருப்படி ஒன்று பக்கவாட்டில் நின்றது. நிதானித்தேன், மூச்சைப் பிடித்தேன், ஒற்றைத் தோட்டாக்காரன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். அந்த நிதானம் மிகவும் இன்பமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். பன்றி ஒரு தடவை கத்திவிட்டு ஓடியது. இன்னொரு தோட்டா போட்டிருக்க வேண்டும். கை வரவில்லை.

(இதையெல்லாம் அச்சில் சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். காவல்துறையில் சிற்றேடு படிப்பவர்கள் இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான்.)

அப்பா எழுந்து, "எங்கடா பட்டுச்சு?" என்றார்.

"தெரியலப்பா."

திட்டவில்லை. விடியும்வரை பேசவுமில்லை. வெளுத்ததும் இருவரும் தடம் பார்த்துப் போனோம். காப்பிச்செடி இலையில், முழங்கால் உயரத்தில், ரத்தம். அப்புறம் சருகில் பொட்டுப் பொட்டாக. பிறகு ஓடைக்கல்லில் கொஞ்சம் அதிகமாக, படுத்து எழுந்த மாதிரி. வயிற்றில் பட்டிருக்கும், சாக இரண்டு மூன்று நாளாகும் என்றார் அப்பா. ஓடைக்கு அப்பால் காப்புக்காடு. எல்லைக்கல்லருகே நின்றோம். அதற்குமேல் துப்பாக்கியோடு போக முடியாது. துப்பாக்கியில்லாமல் போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஹெமிங்வேயின் மக்கோம்பர் கதை (1936) எங்களுக்குப் பாடமாக இருந்தது. தைரியம், ஆண்மை என்று தலைப்பிட்டு நோட்ஸ் கொடுத்தார்கள். எழுதி மார்க் வாங்கினேன். வயிற்றில் குண்டு பட்ட சிங்கம் புல்லுக்குள் கிடக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்கிறான் மக்கோம்பர். உடன் வந்த வேட்டைக்காரன் வில்சனுக்கு, பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதுபோல் கூசுகிறது. கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எல்லைக்கல்லுக்குப் பிறகே எனக்குப் பட்டது. பயந்து ஓடுவதெல்லாம் பிந்தி வருகிற சமாசாரம். அந்தச் சிங்கத்தின் உள்ளிருந்தும் ஹெமிங்வே கொஞ்சம் எழுதியிருக்கிறார். நோட்ஸில் அது இல்லை.

நம் அகத்துறைகளில் கெடுதி வினாதல் என்று ஒன்று. அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா என்று தினைப்புனத்துப் பெண்ணிடம் தலைவன் கேட்பான். யானை என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். பேச்செடுக்க ஒரு சாக்கு. அவளுக்கும் அது தெரியும், உரையாசிரியர்களுக்கும் தெரியும். நுட்பமான உத்திதான், நானே சிலாகித்திருக்கிறேன். ஆனால் காயம் பட்ட மிருகம் சாக்காவதற்கு எவ்வளவு தோதாக இருக்கிறது. என் இரண்டு கட்டுரைகளும் அந்தக் கோடைக்குப் பின் எழுதியவை.

அப்பா 2016இல் இறந்தார். ரைபிள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கலெக்டர் ஆபீசில் மனுவும் விசாரணையுமாக அலைந்தபின் என் பெயரில் திரும்பி வந்தது. நிலம் இப்போது இல்லை, விற்றாகிவிட்டது. எதற்கு இது என்று மனைவி கேட்கிறாள். எங்கள் வங்கிக் காவலாளி, ராணுவத்தில் இருந்தவர், குழலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா என்று மட்டும் கேட்பார். போடுகிறேன்.

2024 தேர்தலின்போது ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஏட்டு நெம்புகோலை இறக்கிப் பார்த்தார், எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, "சுட்டிருக்கீங்களா சார்?" என்றார்.

"தகர டப்பாவைத்தான்" என்றேன்.

ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார்.