கீழ்த்தந்திகள்

கச்சேரி ஐந்து மணிக்கு என்று மருமகன் கூறியபோது, மாலை ஐந்து மணி என்றே எண்ணிக்கொண்டேன். விடியற்காலை என்று பின்னர்தான் விளங்கிற்று. நார்வே நாட்டின் பெர்கன் நகரில், மகள் வீட்டில் ஒரு கோடையைக் கழித்துக்கொண்டிருந்த வேளை அது. அங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத் தொலைவிலுள்ள வோஸ் என்னும் ஊருக்கு முதல் நாளே சென்று தங்கினோம். ஜூன் மாதத்தில் அங்கு இரவு என்பது பெயரளவில்தான். இருள் முழுமையாகக் கவிவதே இல்லை. சுபுஹுக்கு நேரம் குறிப்பதே ஒரு கணக்காயிற்று. தொழுதுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தோம்.

வானம் வெளுத்திருந்தது; கதிரவன் மட்டும் மலைக்குப் பின்னால். புல்வெளியில் ஐம்பது அறுபது பேர் அமர்ந்திருந்தனர். ஒலிபெருக்கி இல்லை. இசைப்போர் இருவரே. ஒருவரிடம் சாக்ஸபோன், மற்றவரிடம் ஹார்டங்கர் பிடில்.

இந்தப் பிடிலைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். உடலெங்கும் கருமையால் பூவேலை, ஓரங்களில் முத்துச்சிப்பி, தலைப்பில் மகுடம் சூடிய சிங்கம். வில் படும் தந்திகள் நான்கு. அவற்றின் கீழே, எவரும் தொடாத நான்கைந்து தந்திகள் ஓடுகின்றன. மேலே இசைக்கும்போது அவை தாமே அதிர்கின்றன; வில்லை எடுத்த பின்னரும் சிறிது நேரம் முனகிக்கொண்டே இருக்கின்றன.

இத்தகைய கருவியை 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுக் கிறிஸ்தவப் பக்தி இயக்கத்தார் சைத்தானின் கருவி என்றனர் என மருமகன் கூறினார். திருமண வீடுகளில் குடியும் கூத்தும் சண்டையும் இதனோடு சேர்ந்தே வந்தன என்பது அவர்கள் குறை. பல பிடில்கள் நெருப்பில் இடப்பட்டன. அவற்றுள் சிலவற்றை வாசித்தவர்களே மனம் மாறித் தம் கையால் எரித்தார்களாம்.

அதைக் கேட்டதும் எனக்கு சாச்சாவின் நினைவு வந்தது. ஆர்மோனியத்துடன் அவர் பாடிய பாடல்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருநாள் எவரோ ஏதோ சொன்னார்கள். பெட்டியைத் துணியால் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். அவரை எவரும் வற்புறுத்தவில்லை என்றே வீட்டில் சொல்வார்கள். இசை கூடுமா கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய பொருள். அதனுள் நான் புகவில்லை. அதன்பின் சாச்சா வீட்டில் உரக்கப் பேசியதுகூட இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதல் உருப்படி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரு வேறு கதைகள் சொல்வதுபோல் இருந்தது. நார்வே நாட்டுப்பாடல்களின் காந்தாரம் சில வேளைகளில் நம் சாதாரண காந்தாரமும் அன்று, அந்தர காந்தாரமும் அன்று. இடையில் எங்கோ நிற்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இதற்கு எவ்வாறு இணங்கும்?

இணங்க வைக்க முயன்றவர்களுள் முன்னவர் யான் கார்பரேக். 1947இல் பிறந்தவர், பதினான்காம் வயதில் வானொலியில் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு சாக்ஸபோன் கற்கத் தொடங்கியவர். அவருடைய கவனத்தைச் சொந்த நாட்டுப் பாடல்களின் பக்கம் திருப்பியவர் டான் செர்ரி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர். வீட்டிலுள்ளதை வெளியார் வந்து காட்ட வேண்டியிருந்தது! 1989இல் ஆக்னஸ் பூயன் கார்னோஸ் என்னும் நாட்டுப்புறப் பாடகியுடனும், 1992இல் லாகூரின் உஸ்தாத் பதே அலி கானுடனும் கார்பரேக்கின் இசைத்தட்டுகள் வெளிவந்தன.

மூன்றாம் உருப்படியில்தான் அது நிகழ்ந்தது. பிடில்காரர் வில்லை எடுத்துவிட்டார். கீழ்த்தந்திகள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் இருந்ததால் எங்களுக்குக் கேட்டது. சாக்ஸபோன்காரர் காத்திருந்தார். பிறகு உதட்டைத் தளர்த்தி, தம் சுரத்தைச் சற்றே இறக்கி, அந்த இடைப்பட்ட காந்தாரத்திலேயே மெல்ல வந்து அமர்ந்தார். எது முனகல், எது மூச்சு என்று பிரிக்க இயலவில்லை. அப்போது மலைமுகட்டைத் தாண்டி வெயில் ஏரியின் மறுகரையில் விழுந்தது. மகள் என் கையைப் பற்றிக்கொண்டாள். நான் அழுவதை அவள் கண்டிருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள் பரணில் ஏறினேன். பெட்டி இருந்தது. துருத்தியை எலி கடித்திருந்தது. கட்டைகளில் பாதி, அழுத்தினால் மேலே எழவில்லை. பழுது பார்ப்பவர் திருச்சியில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள், கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.