தலைக்கு வந்தது

நுழையும்முன்

அடிபட்ட இடத்தில் குருதி வழிந்தால் பதறுகிறோம். வழியாவிட்டால் அமைதி அடைகிறோம். தலைக்காயத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கம் நம்மை ஏமாற்றிவிடும். தலையில் அடிபட்டவரை எப்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்பவற்றைத் தம் பள்ளி அனுபவத்தின் வழியே ஆசிரியர் ஒருவர் விளக்குகிறார்.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது நம் நாட்டுப் பழமொழி. பேரிடரிலிருந்து தப்பியவர் ஆறுதலாகச் சொல்லும் சொல் அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியில் பணியாற்றும் நான் இதைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். மிதிவண்டியிலிருந்து விழுந்தவர், நிலைப்படியில் இடித்துக்கொண்டவர், மரத்திலிருந்து சறுக்கியவர் எனப் பலரும் எழுந்து நின்று, புழுதியைத் தட்டியபடியே இதைச் சொல்லியிருக்கின்றனர். கேட்கும்போதெல்லாம் என் மனத்துள் ஒரு வினா எழும். தலைப்பாகையோடு போயிற்று என்பதை அந்த நொடியிலேயே எப்படி அறிந்துகொண்டோம்?

வெளிக்காயமும் உட்காயமும்

மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மென்மையான உறுப்பு. மண்டையோடு என்னும் எலும்புப் பேழைக்குள், மூளைத் தண்டுவட நீர் சூழ அது மிதந்துகொண்டிருக்கிறது. விரைந்து செல்லும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்கின்றனர் அல்லவா? அதுபோலவே தலை எதன்மீதேனும் மோதி நிற்கும்போது மூளை உள்ளே குலுங்குகிறது. எலும்புச் சுவரில் இடித்துக்கொள்ளவும் கூடும்.

தலைத்தோலில் குருதிக் குழாய்கள் மிகுதி. சிறிய வெட்டும் சட்டையை நனைத்துவிடும். பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும், தூய துணியால் அழுத்திப் பிடித்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும். மண்டையோட்டின் உட்புறம் ஒரு குழாய் கிழிந்தாலோ ஒரு துளியும் வெளியே தெரியாமல் போகலாம். கையிலும் காலிலும் வீக்கம் ஏற்பட்டால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். மண்டையோடு விரியாது. உள்ளே தேங்கும் குருதி மூளையையே அழுத்தும்.

நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி செல்கிறது. அங்கு விழும் அடியால் தமனி கிழிந்தாலும், அடிபட்டவர் சில நிமிடங்களோ சில மணி நேரமோ தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். அதன்பின் திடீரென மயங்கிச் சாயலாம். இடையில் நிலவும் அந்தத் தெளிவே உடனிருப்போரை ஏமாற்றுகிறது.

விளையாட்டுக் களத்தில்

1998 பிப்ரவரி 20 அன்று வங்கதேசத்தின் டாக்கா நகரில் நடைபெற்ற மட்டைப்பந்துப் போட்டி ஒன்றில் இந்திய வீரர் ராமன் லம்பா, மட்டையாளருக்கு மிக அருகில், தலைக்கவசமின்றி நின்று களத்தடுப்பில் ஈடுபட்டார். ஓங்கி அடிக்கப்பட்ட பந்து அவர் நெற்றிப்பொட்டைத் தாக்கியது. அவர் எழுந்தார், தாமே நடந்து உடைமாற்றும் அறைக்குச் சென்றார். அதன்பிறகே நினைவிழந்தார். மூன்று நாள்களில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை 38.

2019 ஆகஸ்டில் இலண்டன் லார்ட்ஸ் திடலில் ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து தாக்கியது. அவர் ஓய்வெடுத்துத் திரும்பி வந்து மீண்டும் ஆடினார். மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும் தோன்றவே போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவருக்குப் பதிலாக வேறொருவரை ஆடச்செய்யும் புதிய விதியின்படி மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார். இரு நிகழ்வுகளிலும், அடிபட்டவர் எழுந்து நடந்தது அவர் நலமாக உள்ளார் என்பதற்குச் சான்றாகவில்லை.

சான்று சொல்வது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளித் திடலில் கபடிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மறுநாள் குறுவட்டப் போட்டி. பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவரின் தலைகள் மோதிக்கொண்டன. அவர்களுள் ஒருவன் சில நொடிகள் கிடந்துவிட்டு எழுந்து, "எனக்கு ஒன்றுமில்லை ஐயா" என்றான். அவன் நெற்றியில் கீறல்கூட இல்லை. ஆயினும் உடற்கல்வி ஆசிரியர் அவனை ஆட விடவில்லை. வேப்பமர நிழலில் அமர்த்தி, பக்கத்தில் ஒரு நண்பனையும் இருத்தினார். அரை மணி நேரம் சென்றிருக்கும். அந்த நண்பன் எங்களிடம் ஓடிவந்தான். "ஐயா, போட்டி என்றைக்கு என்று இவன் மூன்றாவது முறையாகக் கேட்கிறான்" என்றான்.

அதற்குமேல் காத்திருக்க எதுவுமில்லை. 108 அவசர ஊர்தியை அழைத்தோம். அன்றைய வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த தந்தை, மகன் நிற்பதைக் கண்டு, "பையன் நல்லாத்தானே நிக்கிறான் ஐயா, விடிஞ்சதும் பாத்துக்கலாமே" என்றார். நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மருத்துவமனை, மறுநாளும் இழக்கப்போகும் கூலி ஆகியவற்றை எண்ணி அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. மகன் எத்தனை முறை ஒரே கேள்வியைக் கேட்டான் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சின்றி ஊர்தியில் ஏறினார். சி.டி. ஸ்கேன் பரிசோதனையில் உள்ளே சிறிய குருதிக் கசிவு தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை; சில நாள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தனர். போட்டியைத் தவறவிட்ட வருத்தத்தில் அவன் எங்களுடன் ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தை நாங்கள் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டோம்.

கை முறிந்தால் அதை உணர்ந்து சொல்வது மூளை. மூளையே அடிபட்டால் அதைச் சொல்வதும் அதே மூளைதான். எனவே, 'எனக்கு ஒன்றுமில்லை' என்னும் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுத்தல் கூடாது. உடனிருப்பவர் காண்பதே இங்கு உறுதியான சான்று.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சிறிது நேரமேனும் நினைவிழத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, நடந்ததை மறத்தல், கை கால் தளர்ச்சி, இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் தோன்றுதல், காதிலோ மூக்கிலோ குருதி அல்லது தெளிந்த நீர் வடிதல், எழுப்பினாலும் விழிக்க இயலாத உறக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தை ஓயாது அழுதாலும் பால் குடிக்க மறுத்தாலும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

முதியோர், குருதி உறையாதிருக்க மருந்து உண்போர், உயரத்திலிருந்து விழுந்தோர், வாகன விபத்துக்கு உள்ளானோர் ஆகியோரை அறிகுறி இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. முதியோருக்குச் சிறிய அடியின் விளைவு சில வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். மது அருந்தியவர் விழுந்து கிடந்தால் 'போதையில் உறங்குகிறார்' என்று கடந்து செல்லுதல் பெரும் பிழை.

தெரிந்து தெளிவோம்
1974இல் கிரஹாம் டீஸ்டேல், பிரயன் ஜென்னட் என்னும் மருத்துவ அறிஞர்கள் கிளாஸ்கோ நினைவிழப்பு அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தல், பேசுதல், உடலை அசைத்தல் ஆகிய மூன்றையும் கொண்டு மதிப்பெண் இடப்படும். இன்று வழங்கும் முறையில் மிகுதியான மதிப்பெண் 15, குறைந்தது 3.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

காயத்தில் காப்பித்தூள் அப்புதல், மயங்கியவர் வாயில் நீர் ஊற்றுதல், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தல் ஆகியன பயன் தாரா, தீங்கும் விளைவிக்கலாம். கழுத்தும் அடிபட்டிருக்கக்கூடும் ஆதலால், விழுந்தவரை இழுத்து உட்கார வைத்தலும் தகாது. அறிகுறி ஏதும் இல்லாதவரை வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். எனினும் முதல் 24 மணி நேரம் தனியே விடலாகாது. மருத்துவர் ஒப்புதல் தரும்வரை களத்தில் இறங்கவும் கூடாது.

மாணவர்களே! திடலிலும் சாலையிலும் நண்பன் விழும்போது அருகில் இருப்பவர் பெரும்பாலும் நீங்களே. 'ஆசிரியரிடம் சொல்லாதே, வீட்டில் சொல்லாதே' என்று அவன் கெஞ்சலாம். அப்போது வாயை மூடிக்கொள்வது நட்பு ஆகாது. அவனை அமர வையுங்கள். அவன் பேச்சையும் நடையையும் கவனியுங்கள். கண்டதைக் கண்டபடி பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவன் சில நாள் உங்களோடு பேசாதிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.