போர்வீரனுக்கு ஒரு மணிக்கூடு

கைக்கடிகாரம் தொடக்கத்திற் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. ஆடவர் தம் கடிகாரத்தைச் சங்கிலியிற் கோத்துச் சட்டைப் பையினுள் வைத்திருந்தனர். மணிக்கட்டிற் கட்டிக்கொள்வது ஆண்மைக்கு இழுக்கென எண்ணிய அக்கனவான்களின் மனத்தை மாற்றியது நாகரிகமன்று, போர். தென்னாபிரிக்கப் போரின்போது (1899–1902) பிரித்தானியப் படையதிகாரிகள் சிலர் பைக்கடிகாரத்தைத் தோலுறையில் இட்டு மணிக்கட்டிற் கட்டினர். பின்னர் முதலாம் உலகப்போர் வந்தது. ஒரு கையில் ஆயுதமும் மறுகையில் வரைபடமும் பிடித்தபடி பதுங்குகுழியில் நிற்பவன் பையைத் துழாவ நேரமேது? 1916 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி காலை 7.30 மணிக்குச் சோம் நதிப் பிரதேசத்திலே பிரித்தானியப் படை குழிகளை விட்டு மேலேறியது. அதிகாரிகள் கடிகாரங்களை முன்கூட்டியே ஒன்றோடொன்று ஒப்பிட்டு வைத்து, அந்த வினாடிக்காகக் காத்து நின்றனர். அன்று ஒரு நாளில் மட்டும் அப்படையில் 19,000 பேருக்கு மேல் மாண்டனர். நாம் பரிசாகக் கொடுத்து மகிழும் கைக்கடிகாரத்தின் வரலாற்றில் இத்தகைய காலைப்பொழுதுகளும் உள.

இவற்றையெல்லாம் தேடிப் படிக்கும் தேவை எமக்கு அண்மையில் நேர்ந்தது. இலண்டனில் வாழும் எமது தமக்கையாரின் மகன் அங்கே பொறியியற் பட்டம் பெற்றவன். அவன் பிரித்தானியத் தரைப்படையிற் சேர விண்ணப்பித்து, சாண்ட்ஹேர்ஸ்ட் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவாகியுள்ளான். 44 வாரப் பயிற்சி. பிறந்து வளர்ந்த நாட்டின் படையில் ஓர் இளைஞன் சேர்வது அங்கே வியப்பன்று. ஆனால் செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது எங்கள் வீடு சற்று நேரம் பேச்சற்றுப் போயிற்று. சீருடையைத் தூரத்திற் கண்டதும் படலையைச் சாத்திப் பழகிய தலைமுறை ஒன்று இங்கே இன்னும் வாழ்கின்றது. எமது தாயார் அத்தலைமுறையைச் சேர்ந்தவர். ஓய்வுபெற்ற ஆசிரியை. பேரனின் முடிவைக் கேட்டு அவர் நல்லது என்றும் கூறவில்லை, கெட்டது என்றும் கூறவில்லை. படை என்ற சொல்லையே இரண்டு கிழமையாக வாயில் எடுக்கவில்லை.

மூன்றாங் கிழமை ஒரு மாலை எம்மை அழைத்துத் தமது இரட்டைப்பட்டுச் சங்கிலியைக் கையில் தந்தார். “இதை வித்துப் பொடியனுக்கு ஒரு நல்ல மணிக்கூடு எடுத்துக் குடு தம்பி. பொன் மணிக்கூடாய்ப் பார். அவன்ரை ஆயுசுக்கும் கிடக்கவேணும்.”

ஏன் மணிக்கூடு என்று நாம் கேட்கவில்லை. காரணம் எமக்குத் தெரியும். தாயாரின் தந்தையார் மலாயாவில் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். அவர் கொண்டுவந்த பைக்கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டிலே நெடுங்காலம் இருந்தது. ஒவ்வோர் இரவும் விளக்கு வைத்தபின் தாயார் அதற்குச் சாவி கொடுப்பார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அது அலுமாரியிலேயே இருந்துவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை.

ஆகவே நாம் செய்யவேண்டியிருந்தது பொருள் வாங்குவது மட்டுமன்று. தாயாரின் மனத்துக்கு ஏற்றதாகவும், மருமகனின் கைக்கு உதவுவதாகவும் அமையவேண்டும். இவ்விரண்டும் எளிதில் ஒத்துப்போகவில்லை என்பதே சிக்கல்.

முதலிற் பொன்னைப் பற்றிக் கூறுவோம். பொன் மென்மையான உலோகம். கனிப்பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால், தூய பொன்னுக்கு 3 கூட இல்லை. செம்பு முதலியன கலந்து நகை செய்தாலும், கல்லிலும் இரும்பிலும் உரசும் கைக்கு அது ஏற்றதன்று. மேலும் பொன் மின்னும். பகைவனின் கண்ணுக்கு எட்டாமல் இருக்கவேண்டியவன் வெயிலில் மின்னும் ஒன்றைக் கையிற் கட்டிக்கொண்டு செல்வது எவ்வளவு அறிவுடைமை என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பிரித்தானியப் போர் அமைச்சு இதனை நன்கு உணர்ந்திருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அது தனது படைவீரருக்கென ஒரு கைக்கடிகாரத்தின் இலக்கணத்தை வகுத்தது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள், இருளில் ஒளிரும் முட்கள், நீர் புகாத உறை, உடைந்து சிதறாத கண்ணாடி, உள்ளே 15 மாணிக்கக்கற்கள். ஒமேகா, லொன்ஜின், சைமா, வேர்டெக்ஸ் முதலாய பன்னிரண்டு நிறுவனங்கள் இவ்விலக்கணத்துக்கு அமையச் செய்து கொடுத்தன. இன்று அவற்றைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். எமது மருமகனுக்கும் அத்தகைய பழங்கடிகாரம் ஒன்றின் மேலேயே முதலில் நாட்டம் சென்றது. நாம் தடுத்தோம். எண்பது ஆண்டு பழைய உறைக்குள் நீர் புகாதென எவர் உறுதி கூறுவார்? இன்னொன்று, அக்காலத்து முட்கள் ஒளிர்ந்தது ரேடியத்தினால். அதன் ஒளி அடங்கிவிட்டாலும் கதிர்வீச்சு அடங்கவில்லை. அதன் அரைவாழ்வுக்காலம் 1,600 ஆண்டுகள் என்பதை எமது மாணவர் அறிவர். அது பெட்டியில் வைத்துப் பார்க்கவேண்டிய பொருள், சேற்றுக்கு உரியதன்று.

இனி, பொறிமுறைக் கடிகாரம் வேண்டுமா, மின்கலத்தில் இயங்கும் குவாட்ஸ் கடிகாரம் போதுமா என்ற வினா எழுகின்றது. இங்கே உண்மையை மறைத்தல் ஆகாது. நேரம் காட்டுந் திறனில் குவாட்ஸே வெல்லும். அதனுள் இருக்கும் பளிங்கு வினாடிக்கு 32,768 தடவை அதிர்கின்றது. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு அவ்வெண். மாணவர் பெருக்கிப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் 15 வினாடி பிழைத்தாலே அதிகம். பொறிமுறைக் கடிகாரமோ நாளொன்றுக்குச் சில வினாடிகள் முன்பின்னாகும். யப்பானியரின் செய்க்கோ நிறுவனம் 1969 இல் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபின், படைகளும் அதன் பக்கமே சாய்ந்தன. பிரித்தானியப் படை 1980 அளவில் அதனையே தன் வீரருக்கு வழங்கத் தொடங்கியது.

அவ்வாறாயின் பொறிமுறைக் கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு பணம்? யாழ் நகரில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம் இதனைக் கேட்டோம். கண்ணிற் பொருத்திய வில்லையைக் கழற்றாமலே அவர் விடை கூறினார். “மாஸ்ரர், பற்றரி மணிக்கூட்டிலை உள்ளுக்கை தகடு பழுதானால் மாத்துறதுதான். அந்தத் தகடு வாறது நிண்டால் எறியிறதுதான். சில்லு மணிக்கூடு அப்பிடியில்லை. சில்லு தேஞ்சால் சில்லு வெட்டலாம்.”

திருத்தத்தக்கதே நீடித்து நிற்கும் என்பது அவர் கருத்து. எமக்கும் அது சரியெனப்பட்டது. நாளொன்றுக்கு 86,400 வினாடிகள். அதில் 6 வினாடி பிழைத்தல் என்பது 14,400 இல் ஒரு பங்கு. சுருளிவில் ஒன்றின் விசையால் மட்டுமே இயங்கும் ஒரு பொறி, கை வீசும் வீச்சிலே தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு, மணிக்கு 28,800 தடவை தட்டி, இவ்வளவு நுட்பமாக நடப்பதை நாம் வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம் வியக்கின்றோம். செல்வர்தம் ஆடம்பரம் என்று பலர் எண்ணுவது மேலே பதித்த கற்களை. உண்மையான ஆடம்பரம் உள்ளே, எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருக்கின்றது.

விழுந்த மணிக்கூட்டில் முதலில் முறிவது எது என்றும் அம்முதியவரிடம் கேட்டோம். சமநிலைச் சில்லின் அச்சுமுனை என்றார். மயிரிழை போன்ற அம்முனையைக் காக்கவே 1930 களில் அதிர்ச்சி தாங்கும் அமைப்புகள் தோன்றின. அவற்றுட் புகழ்பெற்ற இன்கபிளொக் அமைப்பிலே, முனையைத் தாங்கும் மாணிக்கக்கல் ஒரு சிறு வில்லின் கீழ் அமர்ந்திருக்கும். அடி விழும்போது கல் சற்று விலகி, மீண்டும் தன்னிடத்துக்கு வரும். அந்த வில் யாழின் வடிவில் அமைந்தது; பெயரும் அதுவே. யாழ்ப்பாணத்தார் இதனை அறிந்து சிறிது பெருமைப்படுவதில் தவறில்லை.

மருமகனின் தோழர் பலர் திறன்கடிகாரம் அணிபவர்களாம். நாடித்துடிப்பையும் ஓடிய தூரத்தையும் அது கணக்கிடும், யாருக்கென்று கேட்கவேண்டும். ஸ்ட்ராவா என்ற செயலி தன் பாவனையாளர் ஓடிய பாதைகளை உலகப் படத்தில் வெளியிட்டிருந்தது. பாலைவனங்களின் நடுவே அதில் ஒளிர்ந்த கோடுகள் படைமுகாம்களைக் காட்டிக்கொடுத்தமை 2018 ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளிப்பட்டது. சில்லு மணிக்கூடு எவருக்கும் எதுவும் சொல்லாது.

பெயர்பெற்ற கடிகாரமென்றால் ரோலெக்ஸ் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹான்ஸ் வில்ஸ்டோர்ப் ஜேர்மனியிற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரிலே ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட பிரித்தானிய வீரர் பலர் தம் கடிகாரங்களைப் பறிகொடுத்திருந்தனர். அவர்கள் முகாமிலிருந்தே கடிதம் எழுதிப் புதியது பெறலாம், பணத்தைப் போர் முடிந்தபின் தரலாம் என்று அவர் அறிவித்தார். போர் எப்போது முடியும், யார் வெல்வார், எழுதியவன் உயிருடன் மீள்வானா என்று எவரும் அறியாத காலம் அது. கிளைவ் நட்டிங் என்ற கோப்பிரல் ஒருவர் 1943 இல், ஸ்டாலாக் லுப்ட் 3 என்ற முகாமிலிருந்து விலையுயர்ந்த ஒரு ரோலெக்ஸுக்கு எழுதினார். அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டு பங்குனியில் 76 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியது அதே முகாமிலிருந்துதான். நெடுநாட் சிறையில் இருப்பவனுக்கு, பகைவன் கையில் இல்லாத ஒரு நேரம் தன் கையில் ஓடிக்கொண்டிருப்பது எத்தகைய துணை!

எனினும் நாம் ரோலெக்ஸைத் தெரிவு செய்யவில்லை. களவு போய்விடுமோ, கீறு விழுமோ என்று அஞ்சிக் கழற்றி வைக்கப்படும் கடிகாரம் வீரனுக்குப் பயன்படாது. அதே வில்ஸ்டோர்ப் குறைந்த விலைக்கெனத் தொடக்கிய ரியூடரே எம் மனத்துக்குப் பொருந்தியது. 1952 முதல் 1954 வரை வட கிரீன்லாந்தின் பனிப்பாலையில் ஆய்வு நடத்திய பிரித்தானியக் குழுவினர் 26 ரியூடர் கடிகாரங்களைக் கட்டிச் சென்றனர். வானொலியின் நேர ஒலியோடு அவற்றை ஒப்பிட்டுப் பிழையைக் குறித்தும் வைத்தனர். பிரெஞ்சுக் கடற்படையும் பல ஆண்டுகள் ரியூடரை வாங்கியது. அந்தக் கிரீன்லாந்துப் பயணத்தின் எழுபதாம் ஆண்டையொட்டி 2022 இல் வெளிவந்த ‘ரேஞ்சர்’ என்ற கடிகாரத்தை மருமகனுக்குச் சொன்னோம். 39 மில்லிமீற்றர் உருக்கு உறை. மின்னாமல் மங்கலாகத் தீட்டியது. முகம் கறுப்பு, 3, 6, 9, 12 என்ற எண்கள் பெரியவை. கழற்றி வைத்தாலும் 70 மணித்தியாலம் ஓடும். மயிர்வில் சிலிக்கனால் ஆனதால் காந்தம் அதனைக் கலக்காது. விலை, அதனையொத்த ரோலெக்ஸின் பாதிக்கும் குறைவு.

உலோகப் பட்டியை விடுத்து நைலோன் பட்டியை இடுமாறும் சொன்னோம். பட்டி ஒரே துண்டாக உறையின் கீழாற் செல்லும். ஒரு பக்கத்து ஊசி கழன்றாலும் மற்றையது கடிகாரத்தை விடாது. நனைந்தால் உலரும், கிழிந்தால் அற்ப விலைக்கு மாற்றலாம்.

கடையிலிருந்து மருமகன் அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் தாயாருக்குக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “பொன்னை வித்து இரும்பே வாங்கினது?” என்றார். மேலே கூறியவற்றையெல்லாம் வகுப்பில் விளக்குவதுபோல் விளக்கினோம். கேட்டாரோ என்னவோ, அவருடைய கேள்விகள் வேறாயிருந்தன. இரவில் சாவி கொடுக்கவேண்டுமா? வேண்டியதில்லை, கை அசைந்தாற் போதும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கழுவிப் பூட்டவேண்டும்? ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் ஒருமுறை. அதற்குச் செலவு? கணிசமாக வரும்.

அப்போது மருமகன் மறுமுனையில் இருந்தான். “அதை நான் என்ரை சம்பளத்திலை செய்விப்பன் அம்மம்மா” என்றான்.

தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஆமியிலை சம்பளம் மாதா மாதம் ஒழுங்காய்க் குடுப்பாங்களோ?” என்று கேட்டார்.

குடுப்பார்கள் என்றான்.