யார் பக்கத்து நோய்?

என் மகனுக்கு இப்போது ஐந்து வயது. பிறந்தபோது பால் உறிஞ்சக்கூடத் தெம்பில்லை. மூக்கில் குழாய் வைத்துத்தான் ஊட்டினோம். மூன்று வயதுக்கு மேல் எல்லாம் தலைகீழ். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்குவதில்லை. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

பிராடர்-வில்லி குறைபாடு என்று தெரிந்த நாளிலிருந்து மாமியாருக்கு ஒரே கேள்வி. "எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்லையே?" என்னைப் பார்த்துக் கேட்கமாட்டார், சுவரைப் பார்த்துக் கேட்பார். தினமும் வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிறவள், வீட்டில் வாய் திறந்ததில்லை.

மீண்டும் கருவுற்றதும் மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் போய் மரபணு மருத்துவரைப் பார்த்தோம். 15ஆம் குரோமோசோம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டாக வருகிறது. அதன் ஒரு பகுதியில் சில மரபணுக்கள் தந்தை தந்ததில் மட்டும் வேலை செய்யும். தாய் தந்ததில் உறங்கும். தந்தையின் பகுதி இல்லாமல் போனால் பிராடர்-வில்லி. அதே இடத்தில் தாயின் பகுதி இல்லாவிட்டால் ஏஞ்சல்மன் என்ற வேறொரு குறைபாடு. என் மகனுக்கு விடுபட்டிருந்தது தந்தையின் பகுதி.

கேட்டதும் எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம். மாமியாரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகள்கூடத் தயாராகிவிட்டன. பக்கத்தில் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இது பரம்பரையாக வந்ததில்லை. விந்தணு உருவாகும்போது தற்செயலாக நேர்ந்த பிழை. யார் மேலும் தப்பில்லை" என்றார் மருத்துவர். இந்த வகையில் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மிக அரிதான சில வகைகளில் அது பாதிக்குப் பாதி வரை போகலாம். மகனுக்கு எந்த வகை என்று முன்பே பரிசோதித்திருந்ததால்தான் எங்களுக்கு இந்தப் பதில் கிடைத்தது.

கர்ப்பிணிகள் வழக்கமாகச் செய்துகொள்ளும் மரபணு ரத்தப் பரிசோதனை டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றைத்தான் முக்கியமாகத் தேடும். அதில் 'நார்மல்' என்று வந்தால் இதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. உறுதியாகத் தெரிய, 15 வாரத்துக்குப் பிறகு வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீர் எடுக்க வேண்டும். கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு.

"இருந்தா மட்டும் என்ன செய்யப் போறோம்?" என்றார் கணவர். "பிறந்த அன்னைக்கே தயாரா இருப்போம். மகனுக்கு அந்த நேரம் கிடைக்கலையே" என்றேன். ஊசி போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் ஜாசினில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "மரத்துல ஒரு பக்கப் பட்டையை வெட்டுவோம், மறுபக்கம் ஆறிக்கிட்டு இருக்கும். வெட்டுற பக்கம் கெட்டா பால் வராது. அதுக்காக மரத்தை யாராவது திட்டுவாங்களா?" என்றார்.

அதையே மாமியாரிடம் சொன்னேன், யார் பக்கம் என்ற பேச்சை எடுக்காமல். வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, பேரனுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.

பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வரும். அந்தத் தாள் இப்போது குளிர்சாதனப் பெட்டியின் மேல், பூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.